எண்ணெ வாங்கப் போய் 1,840 வெள்ளி போச்சு, புல் வெட்டுற தொழில்ல இருக்கிறவங்க அவசியம் படிங்க

கோவம் இன்னும் அடங்கல, எழுத்து முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்குங்க. கேஎல்ல புல் வெட்டுற கொண்ட்ரெக் எடுத்து செய்றவங்க, லேண்ட்ஸ்கேப் வேலை பாக்குறவங்க, லோரி மோட்டார் மெஷின்னு எல்லாத்தையும் வச்சு பொழப்பு நடத்துறவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. எஞ்சின் ஆயில மொத்தமா விக்கிற ஒரு கடையில 1,840 வெள்ளிய குடுத்துட்டு நிக்கிறேன். கடை பேர இங்க போடல, புகார் போயிருக்கு, அது ஒரு பக்கம் நடக்கட்டும். எந்த வண்டிக்கு எந்த எண்ணெ, எப்படி பாத்து வாங்கணும்னு கடைசில விவரமா எழுதுறேன், அதுக்கு முன்னால நடந்தத சொல்லிடுறேன்.

எங்ககிட்ட இருக்கிறது டீசல் லோரி ஒண்ணு, டீசல் பிக்கப் ஒண்ணு, பையன்க சைட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போற கப்சாய் மோட்டார் ரெண்டு, தள்ளிக்கிட்டு வெட்டுற புல் மெஷின் ரெண்டு, அதுல இருக்கிறது ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சின், அப்புறம் தோள்ல மாட்டி வெட்டுற மெஷினுங்க, புளோவர், செயின்சா. இதுங்க ஒவ்வொண்ணும் கேக்குற எண்ணெ வேற வேற. டீசலுக்கு 15டபிள்யூ-40 (அது எண்ணெயோட தடிப்பு), ஏபிஐ (எண்ணெக்கு தரம் குடுக்கிற அமெரிக்க அமைப்பு) தரம் சிஐ-4க்கு கீழ போகக் கூடாது. ஜிஎக்ஸ்160க்கு 10டபிள்யூ-30, அரை லிட்டருக்கு சொச்சம்தான் புடிக்கும், ஆனா அதுல ஆயில் ஃபில்டரே கிடையாது, அழுக்கு முழுக்க அந்த அரை லிட்டர் எண்ணெயிலதான் சுத்திக்கிட்டு இருக்கும், அதனால புதுசுல 20 மணி நேரத்துல ஒரு தடவ, அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒரு தடவ மாத்தியே ஆகணும். தினம் ஓடுற மெஷினுக்கு 100 மணி நேரம் எவ்வளவு சீக்கிரம் வரும்னு தொழில் பண்றவங்களுக்குத் தெரியும். மோட்டாருக்கு கிளட்ச் அந்த எண்ணெக்குள்ளயே முங்கிக் கிடக்குது, அதுக்கு ஜாசோ (ஜப்பான்காரன் தரம்) எம்ஏ இல்லன்னா எம்ஏ2 போட்டிருக்கணும். தோள்ல மாட்டுற மெஷின், புளோவர், செயின்சா எல்லாம் 2 ஸ்ட்ரோக், அதுல தனியா எண்ணெ நிக்காது, பெட்ரோலோட கலந்து ஊத்துறதுதான், எரிஞ்சு போயிடும்.

இப்படி ஸ்டோர்ல சின்னச் சின்ன பாட்டிலா கெடந்துச்சு, விலையும் ஏறிக்கிட்டே போகுது, அதனால தோங் (பெரிய டின்) கணக்குல எடுத்துடலாம்னு விசாரிச்சு அந்தக் கடைக்குப் போனேன். நான் ஒண்ணும் கேக்காம வாங்கல. என்னென்ன மெஷின் இருக்குன்னு பேப்பர்ல எழுதியே எடுத்துக்கிட்டுப் போனேன்.

கடையில இருந்த சேல்ஸ் பையன் நம்ம பையன். தமிழ்ல பேசவும் மனசு கொஞ்சம் எளகுச்சு, உண்மைய சொல்றேன். "அண்ணே நீங்க எந்த எஸ்டேட்டு?"ன்னு கேட்டான், சொன்னேன், "எங்க தாத்தாவும் அந்தப் பக்கம்தாண்ணே பால் வெட்டுனாரு"ன்னான். உக்கார வச்சு மைலோ வாங்கிக் குடுத்தான். என் பேப்பர வாங்கி ஒவ்வொரு வரியா படிச்சு, பக்கத்துல கெடந்த அட்டைய கிழிச்சு மார்க்கர்ல எழுதினான், லோரி பிக்கப் மோட்டார் புல் மெஷின் எல்லாத்துக்கும் ஒரே 15டபிள்யூ-40, பெட்ரோலோட கலக்குறதுக்கு மட்டும் தனியா 2டி, அதாவது 2 ஸ்ட்ரோக் எண்ணெ, முடிஞ்சுது. "மோட்டாருக்கு கிளட்ச் வழுக்காதா தம்பி?"ன்னு கேட்டேன். "எம்ஏ2 இருக்குண்ணே, பாருங்க"ன்னு தோங்க திருப்பிக் காட்டினான். ஏபிஐயோட வட்ட முத்திரை இருந்துச்சு, சிஐ-4 இருந்துச்சு, எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அந்தத் தோங்க அங்கயே ஒடச்சு வெள்ளக் கப்புல கொஞ்சம் ஊத்தி வெளிச்சத்துல புடிச்சான், தேன் நெறத்துல தெளிவா நின்னுச்சு. "கசடு ஏதாவது தெரியுதாண்ணே? நம்ம ஆளுங்கள நான் ஏமாத்துவேனா?"ன்னு கேட்டான். அந்த வார்த்தைய என்னால மறக்கவே முடியல.

15டபிள்யூ-40 ஆறு தோங், 2டி ரெண்டு தோங், எல்லாம் 18 லிட்டர், தோங் 230 வெள்ளி. மொத்தம் 1,840 வெள்ளி. நான் கவுண்டர்ல காசு கட்டிக்கிட்டு இருக்கும்போதே பின்னால ஸ்டோர்ல இருந்து ஆளுங்க லோரில ஏத்திட்டாங்க. எனக்குக் காட்டின தோங் வேற, ஏத்தின தோங் வேற. நெறம் ஒண்ணு, படம் ஒண்ணு, மூடி ஒண்ணு. வீட்டுக்கு வந்து பின்பக்கம் சின்ன எழுத்த படிச்சாத்தான் தெரியுது, முன்னால பெருசா சிஐ-4, பின்னால பொடி எழுத்துல சிஎஃப்-4. சிஎஃப்-4ங்கிறது 1990ல வந்தது, இப்போ ஏபிஐயே வழக்கொழிஞ்சதுன்னு ஒதுக்கி வச்சிருக்கிற தரம். சிஐ-4 வந்தது 2002ல. ஒரே தோங்குல ரெண்டும் எப்படி ரெண்டு எடத்துல வரும்? ஏபிஐ வட்டமும் இல்ல. இத நான் பாத்தப்போ எண்ணெ எல்லா வண்டிலயும் எறங்கியாச்சு.

மொதல்ல படுத்தது தோள் மெஷின். மோண்ட் கியாராவுல ஒரு கொண்டோ சைட், பையன் வெட்டிக்கிட்டு இருக்கும்போதே பொகையா கக்கி, இழுப்பு கொறஞ்சு, நின்னு போச்சு. மேனேஜ்மென்ட்ல இருந்து எனக்கு போன், பொகை நாத்தம்னு குடியிருக்கிறவங்க கத்துறாங்கன்னு. அடுத்து இன்னொரு மெஷின். அப்புறம் மோட்டார், புக்கிட் துங்கு மேட்டுல திராட்டல் குடுத்தா எஞ்சின் மட்டும் அலறுது வண்டி ஏற மாட்டேங்குது, அப்பட்டமா கிளட்ச் வழுக்குது. பிக்கப்ல ஜாலான் கூச்சிங் ஜாம்ல நிக்கும்போது ஆயில் லைட்டு மினுக்குது, அத பாத்ததும் எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு, ஓரமா நிறுத்தி எஞ்சின அணைச்சிட்டேன்.

செந்தூல்ல எனக்குத் தெரிஞ்ச போர்மேன் ஒருத்தர் இருக்காரு, வயசானவரு, சின்ன எஞ்சின் எல்லாம் அவர்தான் பாப்பாரு. மெஷின்ல சைலன்சர கழட்டினாரு. பொகை வெளிய போற ஓட்டை பாதிக்கு மேல கரியா அடைஞ்சு கெடக்குது, சத்தே குச்சிய வச்சு சொரண்டினாரு, கட்டி கட்டியா வந்துச்சு. பிஸ்டன்ல அந்த ஓட்டைப் பக்கம் மேலேருந்து கீழ வரைக்கும் கீறல், ரிங்கு பள்ளத்துலயே ஒட்டிப்போய் நகரல. "தம்பி இது 2டி எண்ணெ இல்ல"ன்னாரு. ரெண்டு கண்ணாடி பாட்டில்ல பெட்ரோல் எடுத்து ஒண்ணுல அவரு வச்சிருந்த 2டிய விட்டாரு, பச்ச நெறமா உடனே பரவி கலந்துடுச்சு. இன்னொண்ணுல நான் வாங்குனத விட்டாரு, அடியில குலா மலாக்கா பாகு மாதிரி போய் உக்காந்துக்கிச்சு, நல்லா ஆட்டினாத்தான் மெதுவா கலக்குது. லோரி காடிக்கு ஊத்துற 4 ஸ்ட்ரோக் எண்ணெய, அதுவும் என்ன எண்ணெயோ, 2டின்னு லேபிள் ஒட்டி வித்திருக்கானுங்க. 4 ஸ்ட்ரோக் எண்ணெயில இருக்கிற மருந்து எரிஞ்சா சாம்பல் நிக்கும், 2 ஸ்ட்ரோக்ல அது பிளக்குலயும் ரிங்குலயும் ஓட்டையிலயும்தான் போய் சேரும். லேபிள்ல எஃப்டின்னு (2 ஸ்ட்ரோக் எண்ணெக்கு ஜாசோ குடுக்கிற தரம்) மட்டும் அச்சடிச்சிருக்கான், ஜாசோ சின்னம்னா அந்தக் கட்டத்துல ஒரு கோட் நம்பர் இருக்கும், அது இதுல இல்லவே இல்ல.

இனிமேதான் கேளுங்க. கடைக்கு போன் பண்ணேன். அதே பையன், இப்போ "அண்ணே" போய் "பாஸ்" ஆயிடுச்சு. படம் அனுப்ப சொன்னான், அனுப்பினேன், நீல டிக் வந்துச்சு, பதில் வரல. மறுபடி கூப்பிட்டா "உங்க ஆளுங்க கலக்குறது தப்பு பாஸ்"ங்கிறான். எங்க பையன்க 50க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி, 5 லிட்டர் தோங்குக்கு 100 மில்லி, அளவு கப்புல அளந்துதான் ஊத்துவாங்க, இத நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். அப்புறம் "பெட்ரோல் சரியில்ல"ன்னான். அதுக்கப்புறம் "சப்ளையர் வெளியூர் போயிருக்காரு". நேரா கடைக்குப் போனா அந்தப் பையன் இல்ல, கவுண்டர்ல இருந்த அம்மா "அவரு நின்னுட்டாரு"ன்னு சொல்லிட்டு போன பாக்க ஆரம்பிச்சிடுச்சு. தௌக்கே (கடை மொதலாளி) உள்ளதான் இருக்காரு, கண்ணாடி வழியா எனக்குத் தெரியுது, வெளிய வரல. ரொம்ப சத்தம் போட்டப்புறம் வந்து ரெசிட்டு அடியில இருக்கிற வரிய விரல வச்சு காட்டுறாரு, வித்த சாமான் திருப்பி எடுக்க மாட்டோம்னு மலாய்ல. அதோட "மூடி ஒடச்சாச்சு"ன்னாரு. மூடி ஒடைக்காம எண்ணெய எப்படிய்யா ஊத்துறது? ஒடைக்காத தோங்கயாவது எடுத்துக்கிட்டு அந்தக் காச குடுங்கன்னு கேட்டேன், அதுக்கும் முடியாதாம். ரெசிட்ல என்ன எழுதியிருக்குன்னு அப்பதான் நல்லா பாத்தேன், "மிஞ்ஞாக் பெலிஞ்சிர்" (மலாய்ல மசகு எண்ணெ) அவ்வளவுதான், பேர் இல்ல, கிரேட் இல்ல. 1,840 வெள்ளிக்கு ஒரே ஒரு வரி. மூணு பசங்களுக்கு சம்பளம் குடுக்கிற எனக்கு 1,840 வெள்ளி சும்மா வரல, வெயில்ல நின்னு வந்த காசு. மெஷின் ரிப்பேர், சைட்ல போன வேலை, மோட்டாருக்கு கிளட்ச் பிளேட், இதெல்லாம் அந்தக் கணக்குல சேராது.

எனக்கு ரொம்ப எரியுறது எதுன்னா அவன் சொன்னதுல பாதி உண்மை. நல்ல கம்பெனி 15டபிள்யூ-40 டீசல் எண்ணெயில பெட்ரோலுக்கான தரமும் சேந்தே வரும், பல வண்டி வச்சிருக்கிறவங்களுக்குன்னே அப்படி செய்றாங்க, சிலதுல ஜாசோ எம்ஏவும் இருக்கும், நம்ம ஊரு சூட்டுக்கு லோரிக்கும் பழைய காடிக்கும் ஒண்ணையே ஊத்தி நல்லா ஓட்டுறவங்க இருக்காங்க. அந்த உண்மைய முன்னால வச்சு பின்னால குப்பைய ஏத்திட்டான். தொழில் தெரிஞ்சவன் செய்ற திருட்டு இது.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், இப்போ மனசு ஓடல, சைட்ல இருந்து போன் மேல போன் வேற, முக்கியமானத மட்டும் சொல்லிடுறேன். ஏபிஐ தரத்துல எஸ் எழுத்துல ஆரம்பிச்சா பெட்ரோல், சி எழுத்துல ஆரம்பிச்சா டீசல், முன்னால பின்னால ரெண்டு பக்கமும் படிங்க, ரெண்டும் ஒத்துப் போகணும். ஏபிஐ வட்டம் இருந்தா அந்தப் பிராண்டு பேர ஏபிஐயோட வெப்சைட்ல தேடிப் பாக்கலாம், லைசன்ஸ் வாங்கினவங்க பட்டியல் இருக்கு. மோட்டாருக்கு எம்ஏ எழுத்து இல்லாத எண்ணெ வேணாம். டிபிஎஃப் (பொகையில வர்ற கரிய புடிக்கிற ஃபில்டர்) இருக்கிற புது டீசல் பிக்கப்புக்கு சாம்பல் கம்மியான எண்ணெதான், மேனுவல பாத்துட்டு ஊத்துங்க. போட்டுக்கு ஊத்துற டிசி-டபிள்யூ3ய மலிவா இருக்குன்னு புல் மெஷினுக்கு எடுக்காதீங்க, அது தண்ணியில குளிருற எஞ்சினுக்கு, நம்மளுது காத்துல குளிருறது, சூடு தாங்காது. 2டி தோங் ஒடச்சதும் கண்ணாடி பாட்டில்ல பெட்ரோலோட கலந்து பாத்துட்டு மெஷினுக்கு ஊத்துங்க. காட்டின தோங்கயே லோரில ஏத்த சொல்லுங்க, ரெசிட்ல பிராண்டும் கிரேடும் எழுதாம காச நீட்டாதீங்க.

நான் உள்நாட்டு வாணிப அமைச்சுல புகார் குடுத்துட்டேன், தப்பான லேபிளுக்குன்னே அக்தா பெரிஹால் டகாங்கான் 2011னு (வாணிப விவரிப்புச் சட்டம்) ஒரு சட்டம் இருக்கு. வீட்டுத் தேவைக்கு வாங்கி ஏமாந்தவங்க பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கே போகலாம், 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், 3 வருஷத்துக்குள்ள போகணும். முன்னால சிஐ-4 பின்னால சிஎஃப்-4 போட்ட தோங் உங்க ஸ்டோர்ல இருந்தா கீழ ஊத்திடாதீங்க, ரெண்டு பக்கமும் படம் எடுத்து, ரெசிட்டோட அப்படியே வச்சு நீங்களும் புகார் குடுங்க. என் ஒருத்தன் புகார்னா கலக்குறது தப்புன்னு அங்கயும் போய் சொல்லிடுவானுங்க.