எசேனியர் பற்றிய மூன்று மாலை வகுப்பு: 1500 ரூபாவுக்குத் தகுமா?

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னர் யூதேயாவில் வாழ்ந்த எசேனியர் என்னும் யூத சமயப் பிரிவினரைப் பற்றி, நல்லூர்ப் பக்கத்து வாசிப்பு வட்டம் ஒன்று மூன்று சனிக்கிழமை மாலைகளில் நடத்திய கட்டண வகுப்புக்குச் சென்றிருந்தேன்.

முதல் மாலைதான் மிகச் சிறந்தது. இளமையில் அக்காலத்து யூதப் பிரிவுகள் மூன்றையும் பயின்று பார்த்ததாகத் தாமே எழுதியுள்ள வரலாற்றாசிரியர் யோசேபஸின் குறிப்புகளை வைத்துக்கொண்டு, விரிவுரையாளர் எசேனியரின் ஒரு நாளை அப்படியே எங்கள் முன் விரித்தார். சூரியன் எழுமுன் வேறு பேச்சின்றிக் கீழ்த்திசை நோக்கி வேண்டுதல், முற்பகல் வரை உழைப்பு, அதன்பின் இடையில் துணி கட்டிக் குளிர்ந்த நீரில் முழுக்கு, பிறகு ஆளுக்கு அப்பமும் ஒரே வகை உணவு இட்ட ஒரு தட்டுமாக அமைதியான பொதுப்பந்தி. இவர்கள் உடம்பில் எண்ணெய் படுவதையே தீட்டாகக் கருதினர் என்று அவர் சொன்னபோது, காலையில் நல்லெண்ணெய் வைத்து முழுகிவிட்டு வந்திருந்த பலரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

யூதர் வேலை செய்யாத வாராந்த ஓய்வுநாளில் மலங்கழிப்பதைக்கூட அவர்கள் தவிர்த்தனர் என்பதையும், மற்ற நாள்களில் தனியிடத்தில் ஓரடி ஆழக் குழி தோண்டி, இறைவனின் ஒளிக்கதிர்களுக்கு இழுக்கு நேராதபடி மேலாடையால் தம்மை மூடிக்கொண்டே அமர்ந்தனர் என்பதையும் விரிவுரையாளர் கூச்சத்தினாலோ என்னவோ விட்டுவிட்டார். அவர்களுடைய நம்பிக்கை எவ்வளவு தூரம் உடலுக்குள் இறங்கியிருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி வேறில்லை. பனங்காணிக்குப் போய்வந்த தலைமுறையினர் இருந்த அவையில் இதற்கு வெட்கப்பட்டிருக்கத் தேவையுமில்லை.

இரண்டாம் மாலை, புதியவர் ஒருவர் குழுவில் சேரும் முறையைப் பற்றியது. மண் தோண்டும் சிறு கருவி, அரைத்துணி, வெள்ளாடை ஆகியவற்றைப் பெற்று ஓராண்டு வெளியே நின்றும், பின்னர் மேலும் இரண்டாண்டு சோதனைக்கு உட்பட்டும் தேறியவரே, கடும் உறுதிமொழிகளை ஏற்றுப் பொதுப்பந்தியில் அமரலாம். சொத்து அனைவருக்கும் பொது. பெரும்பாலோர் மணம் செய்வதில்லை. எனினும் மணம் செய்த பிரிவொன்றும் இருந்தது. உடலாகிய சிறையிலிருந்து விடுபடும் நல்லோரின் ஆன்மா கடலுக்கு அப்பால், மழையோ பனியோ வெம்மையோ வருத்தாத, இதமான மேல்காற்று வீசும் நாட்டைச் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. புழுதி வாரும் நம்மூர்ச் சோளகத்தை அறிந்தவர்கள் அந்த ‘இதமான’ என்ற சொல்லை உணர்ந்திருப்பார்கள்.

மூன்றாம் மாலையில் வகுப்பு தடம் மாறியது. திருமுழுக்கு யோவானும் இயேசுவும் எசேனியரே என்று விரிவுரையாளர் ஐயமின்றிச் சொன்னார். புதிய ஏற்பாட்டில் எசேனியர் என்ற பெயரே இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. சாக்கடல் அருகே கும்ரான் என்னும் இடத்துக் குகைகளிலிருந்து 1947 அளவில் வெளிப்படத் தொடங்கிய பழைய யூத ஏட்டுச்சுருள்களையும் அவர்களுடையவை என்றே கொண்டார். சாக்கடலின் மேற்குக் கரையில் எசேனியர் வாழ்ந்ததாகப் பண்டைய உரோம எழுத்தாளர் பிளினி எழுதியதும், சுருள்களில் உள்ள விதிகள் யோசேபஸின் குறிப்புகளோடு பல இடங்களில் ஒத்துவருவதும் அக்கருத்துக்கு வலுவான ஆதாரங்களே. ஆனால் மறுக்கும் அறிஞர்களும் உள்ளனர் என்று ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும். கொடுத்த போட்டோக் கொப்பிகளில் பாதி வாசிக்க முடியாதபடி மங்கியிருந்தன.

அடுத்த தொடருக்கு மாலைக்கு 500 ரூபா என்று பிரித்தும் கட்டலாமாம். நண்பர்களை முதல் இரண்டுக்கு மட்டும் பதியச் சொல்லியிருக்கிறேன்.