மியூலென்ஸ்மாடல்: குளிர்ந்த கோள் தேடுவோருக்கு ஒரு நம்பகமான கருவி

மைக்ரோலென்சிங் பக்கம் வரும் ஜூனியர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வியே "எந்த சாஃப்ட்வேர்ல ஆரம்பிக்கிறது அக்கா?" என்பதுதான். யோசிக்காமல் மியூலென்ஸ்மாடல் என்று சொல்லிவிடுவேன். அகச்சிவப்பு மைக்ரோலென்சிங் வழியே குளிர்ந்த புறக்கோள்களை, அதாவது வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களை, கண்டறிவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. தினமும் புழங்கும் கருவி என்பதால், ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ராடோஸ்வாஃப் போலெஸ்கியும் ஜெனிஃபர் யீயும் உருவாக்கிய பைத்தான் தொகுப்பு இது. இதை விவரிக்கும் ஆய்வுக்கட்டுரை 2019-ல் வந்தது. இலவசம், மூலநிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். பைத்தானின் பிப் கட்டளை ஒன்றிலேயே நிறுவிவிடலாம், ஆனால் உள்ளே சி++ பகுதிகள் இருப்பதால் கணினியில் கம்பைலரை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்களுக்காக இரண்டு வரி. தொலைவிலுள்ள ஒரு விண்மீனுக்கும் நமக்கும் நடுவே இன்னொரு விண்மீன் குறுக்கிட்டால், அதன் ஈர்ப்பு பின்னாலிருக்கும் மூல விண்மீனின் ஒளியைப் பெருக்கிக் காட்டும். குறுக்கே வரும் விண்மீனுக்குக் கோள் இருந்தால், ஒளி ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடமான ஒளிவளைவில் சில மணி நேரமோ சில நாளோ ஒரு புடைப்பு தெரியும். கோளிலிருந்து ஒளி வரவேண்டிய அவசியமே இல்லை. தாய் விண்மீனை விட்டுத் தள்ளிச் சுற்றும் குளிர்ந்த கோள்கள் இதில் சிக்குவது அதனால்தான். 2006-ல் அறிவிக்கப்பட்ட ஓகிள்-2005-பிஎல்ஜி-390எல்பி சுமார் 5.5 பூமி நிறை கொண்டது. அதன் வெப்பநிலை ஏறக்குறைய 50 கெல்வின்தான் என்று கணித்தார்கள்.

தொகுப்போடு வரும் மாதிரித் தரவுகளில் எனக்கு மிகப் பிடித்தது ஓகிள்-2003-பிஎல்ஜி-235. மைக்ரோலென்சிங் முறையில் உறுதியாகக் கண்டறிந்த முதல் கோள் அதுதான். மைக்ரோலென்சிங் நிகழ்வுகளைத் தேடும் ஓகிள், மோவா இரண்டு குழுக்களின் தரவுக் கோப்புகளும் கூடவே கிடைக்கும். கோளுக்கும் அதன் விண்மீனுக்கும் நிறை விகிதம் 0.0039, இடைவெளி ஐன்ஸ்டைன் வளைய ஆரத்தில் (மூலம் நேர் பின்னால் நின்றால் தெரியும் ஒளிவளையத்தின் ஆரம்) 1.12 மடங்கு, நிகழ்வின் காலஅளவு 61.5 நாள் என்று கொடுத்து வரைந்தால், 2003 ஜூலையில் எழுந்த அந்த இரட்டை முனைப் புடைப்பின் மேல் மாதிரிக் கோடு அப்படியே போய் உட்காரும். மூல விண்மீனின் பாதையையும் காஸ்டிக்கையும் (மூலம் கடக்கும்போது ஒளி திடீரென எகிறும் எல்லைக்கோடு) பக்கத்திலேயே வரையச் சொல்லுங்கள். மூல விண்மீன் எந்த இடத்தில் காஸ்டிக்கினுள் நுழைந்து எங்கே வெளியேறியது என்று கண்ணால் பார்க்கலாம். எந்தப் பாடப்புத்தகப் படமும் எனக்கு இவ்வளவு தெளிவைத் தந்ததில்லை.

இன்னொரு நல்ல வேலை சத்தமில்லாமல் நடக்கிறது. ஒவ்வொரு தொலைநோக்கியின் தரவுக்கும் மூல விண்மீனின் ஒளி எவ்வளவு, அதோடு கலந்துவிட்ட பிற ஒளி எவ்வளவு என்பதைத் தனித்தனியே அதுவே தீர்த்துத் தந்துவிடும். பால்வீதியின் மையப் புடைப்பில் விண்மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து நிற்பதால், கலப்பொளியைச் சரியாகக் கையாளாவிட்டால் மற்ற எண்கள் எதையும் நம்ப முடியாது.

அகச்சிவப்புக்கு வருவோம். மையத்தை நெருங்க நெருங்கத் தூசி மறைக்கிறது. கே எனும் அகச்சிவப்புப் பட்டையில் அந்த மறைப்பு கண்ணுறு ஒளியில் இருப்பதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான், ஒளி அளவு எண்ணில் (மேக்னிட்யூட்) சொன்னால். ஹவாயின் மௌனா கியாவிலுள்ள 3.8 மீட்டர் யூகேஐஆர்டி தொலைநோக்கியில் ஹெச், கே பட்டைகளில் எடுத்த தரவிலிருந்து வந்த யூகேஐஆர்டி-2017-பிஎல்ஜி-001 நிகழ்வு, மையத்திலிருந்து வெறும் 0.33 டிகிரி தள்ளி இருக்கிறது. கண்ணுறு ஒளியில் அங்கே எட்டிப்பார்க்கவே வழியில்லை. அந்த ஆய்வின் ஒளிவளைவுகள் நாசா எக்ஸோபிளானட் ஆர்க்கைவில் பொதுவில் கிடைக்கின்றன. இறக்கி நேரம், ஒளி அளவு, பிழை என்று மூன்று நிரலாக்கினால் மியூலென்ஸ்மாடல் வாங்கிக்கொள்ளும். பட்டையின் பெயரைச் சேர்த்துக் கொடுக்க மறக்காதீர்கள். விண்மீனின் விளிம்பு நடுவைவிட மங்கித் தெரிவது (விளிம்பு மங்கல்) அகச்சிவப்பில் குறைவு என்பதால், அதைக் குறிக்கும் குணகம் ஐ பட்டைக்கும் ஹெச் பட்டைக்கும் வெவ்வேறாக இருக்க வேண்டும். அதைப் பட்டைவாரியாகக் குறிக்க இதில் இடமுண்டு.

இது உங்களிடம் எதிர்பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். காஸ்டிக்கைக் கடக்கும் நாட்களில் மூலத்தைப் புள்ளியாக எடுக்கக் கூடாது. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை எந்தக் கணக்கீட்டு முறை என்பதை நீங்கள்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். வலேரியோ போட்சாவின் விபிபிஎல் முறை துல்லியமானது, ஆனால் நேரம் தின்னும். ஆகவே அதைப் புடைப்பைச் சுற்றியுள்ள நாட்களுக்கு மட்டும் வைத்து, மற்ற இடங்களுக்கு எளிய முறை போதும் என்று விட்டுவிடுவது என் வழக்கம். தொடக்க மதிப்புகளையும் நீங்களே தேடவேண்டும். இதெல்லாம் தானாக நடந்தால் நன்றாயிருக்கும் என்று சிலர் சொல்வார்கள். ஆராய்ச்சி மாணவருக்கு இது தெரிந்தே ஆகவேண்டிய வேலை என்பது என் கட்சி. குறிப்பாக, அதிகமாகப் பெருகும் நிகழ்வுகளில் இடைவெளி எஸ் என்றாலும் அதன் தலைகீழ் என்றாலும் ஒளிவளைவு கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். கை-ஸ்கொயரின் (மாதிரி தரவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்னும் அளவு) சின்ன வித்தியாசத்தை வைத்து எதையும் உடனே தள்ளிவிடாமல், இரண்டு தீர்வையும் ஓட்டிப் பார்த்துக் கட்டுரையில் இரண்டையும் எழுதுவதுதான் நேர்மை.

நிரல் எழுதப் பழக்கமில்லாதவர்கள் தயங்க வேண்டாம். யாமல் என்ற எளிய உரைக் கோப்பில் விவரங்களை நிரப்பி, பொருத்தமான மதிப்புகளைத் தற்செயல் மாதிரிகள் வழியே தேடும் எம்சிஎம்சி முறையை ஓட்டும்படியான உதாரண நிரலும் உள்ளது.

விண்வெளித் தொலைநோக்கித் தரவைச் சேர்க்கும் வசதிக்காகவே நான் தனியாக ஒரு சபாஷ் போடுவேன். விண்கலத்தின் இருப்பிட அட்டவணையை ஒரு கோப்பாகக் கொடுத்தால் போதும், பூமியிலிருந்தும் கலத்திலிருந்தும் தெரியும் வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். நாசாவின் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி பார்த்த ஓகிள்-2014-பிஎல்ஜி-0939 இதற்கு உதாரணமாகத் தொகுப்பிலேயே இருக்கிறது. நாசாவின் ரோமன் தொலைநோக்கி 2.4 மீட்டர் ஆடியோடு, சுமார் 12 நிமிடத்துக்கு ஒருமுறை மையப் புடைப்பை அகச்சிவப்பில் படம்பிடிக்கத் திட்டமிடப்பட்டது. 2019-ல் வந்த கணிப்பு அதற்குச் சுமார் 1,400 கோள்கள் கிடைக்கும் என்கிறது. அந்தத் தரவில் வேலை செய்ய ஆசைப்படுகிறவர்கள் இந்த 0939-ஐ எடுத்து, முதலில் பூமித் தரவை மட்டும் பொருத்துங்கள், பிறகு ஸ்பிட்சர் தரவைச் சேர்த்துப் பொருத்துங்கள். இடமாறு தோற்றப்பிழையின் (பார்க்கும் இடம் மாறுவதால் வரும் வித்தியாசம்) இரண்டு கூறுகளும் எவ்வளவு துல்லியமாகின்றன என்று உங்களுக்கே தெரியும்.