டர்பன் மாநகராட்சியின் சுற்றுலா விழா நிதி: ஆலயக் கமிட்டி நம்பி இறங்கலாமா?

தைப்பூசக் காவடிக்கோ ஈஸ்டர் சமயத்து மாரியம்மன் திருவிழாவுக்கோ மாநகராட்சியிடம் பணம் கேட்டால் என்ன என்ற பேச்சு, டர்பன் பக்கத்து ஆலயக் கமிட்டிகளில் வருடா வருடம் எழும். கேட்கலாம், தகுதி இருந்தால் கிடைக்கவும் செய்யும். ஆனால் டர்பனை ஆளும் இதெக்வினி மாநகராட்சி சுற்றுலா என்ற தலைப்பில் ஒதுக்குவது, வெளியூர் ஆள் வந்து தங்கி இங்கே செலவு செய்ய வேண்டும் என்பதற்காகப் போடும் பணம். அதை மனதில் வைத்து விண்ணப்பம் எழுதும் பெரிய விழாவுக்கு என்றால் இந்த நிதிக்கு ஐந்து மதிப்பெண்ணில் மூன்றரை கொடுக்கலாம். ஐந்நூறு பேர் கூடும் உள்ளூர் உற்சவத்துக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க முடியாது. அந்த உற்சவம் குறைந்தது என்பதால் இல்லை, கேட்கப்படும் காகித வேலைக்கும் வரும் தொகைக்கும் கட்டுப்படியாகாது என்பதால்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஓட்டல் பில்லில் சுற்றுலாக் கட்டணம் என்று 1 சதவீதம் இருப்பதைப் பார்த்து, டர்பனுக்கு வருபவர்கள் கொடுக்கும் அந்தக் காசு டர்பனுக்கே வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது டோம்சா எனும் கட்டணம். சட்டப்படி கட்டாயமில்லாதது, ஓட்டல்களும் கார் வாடகை நிறுவனங்களும் விரும்பிச் சேர்ந்து வசூலிப்பது. தேசிய அளவில் தென்னாப்பிரிக்காவை விளம்பரப்படுத்தத்தான் அது போகிறது. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அறை வாடகை மீது நகரமே வரி போட்டு, அதையே நகர ஆணையம் விளம்பரத்துக்கும் விழாக்களுக்கும் பிரித்துக் கொடுக்கும். இங்கே அப்படி முடியாது. அரசியலமைப்பின் 229ஆம் பிரிவு நகராட்சிக்குச் சொத்து வரியையும், சேவைக் கட்டணத்தின் மீதான கூடுதல் கட்டணத்தையும்தான் நேரடியாகக் கொடுக்கிறது. புதிதாக ஒரு வரி வேண்டுமென்றால் 2007ஆம் ஆண்டின் 12ஆம் எண் சட்டத்தின்படி நிதியமைச்சரின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

ஆக டர்பனின் சுற்றுலாப் பணம் தனி உண்டியலில் இல்லை. வீட்டு வரி, மின்சாரம் தண்ணீர்க் கட்டணம், மத்திய அரசு தரும் பங்கு, பெட்ரோல் வரியில் பெருநகரங்களுக்கு வரும் பங்கு எல்லாம் சேர்ந்த ஒரே பானையிலிருந்துதான் அதுவும் எடுக்கப்படுகிறது. உள்ளூர்ச் சுற்றுலா நகராட்சியின் பொறுப்புதான் என்று அரசியலமைப்பின் நான்காம் அட்டவணை சொல்கிறது. ஆனால் அதே பொறுப்புப் பட்டியலில் குடிநீரும் மழைநீர் வடிகாலும் இருக்கின்றன. 2022 ஏப்ரல் வெள்ளம் சாலையையும் குழாயையும் அடித்துக்கொண்டு போன ஊர் இது. உங்கள் விண்ணப்பத்துக்கு எதிரே நிற்பது பக்கத்துக் கோயிலின் விண்ணப்பம் அல்ல, உடைந்த தண்ணீர்க் குழாய். ‘நூறு வருடப் பழமையான ஆலயம், பக்தர்கள் திரளாக வருவார்கள்’ என்ற வரி அந்தக் குழாயை வெல்லாது.

அடுத்தது காலக்கணக்கு. கமிட்டிகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. நிதியாண்டு தொடங்க 90 நாள் இருக்கும்போதே மேயர் வரவுசெலவுத் திட்டத்தை மன்றத்தில் வைத்தாக வேண்டும், 30 நாள் இருக்கும்போது மன்றம் அதை ஒப்புதலுக்கு எடுத்தாக வேண்டும். அதாவது மார்ச் முடிவில் வரைவு, மே முடிவில் முடிவு. தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். அதற்கான பணம் முந்தைய மே மாதமே ஒதுக்கப்பட்டிருக்கும். தீபாவளி முடிந்து, கமிட்டி கூடி, நவம்பரில் கடிதம் போட்டால் காலியான பானையைத்தான் தட்டுகிறோம். நடு ஆண்டில் திருத்த வரவுசெலவு ஒன்று உண்டு. ஆனால் அது பிப்ரவரி இறுதிக்குள் மன்றத்துக்கு வருவது. காவடி அதற்குள் முடிந்திருக்கும், பெரிய வெள்ளி வாசலில் நிற்கும். ஆகவே 2028 தைப்பூசத்துக்கு உதவி வேண்டுமென்றால் 2026 கடைசியில் பேச்சைத் தொடங்கி, 2027 ஏப்ரலில் பொதுமக்கள் கருத்துக் கேட்கும்போது எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். வரைவு வெளியானதும் அதன் இணைப்புகளைப் பாருங்கள். வெளி அமைப்புகளுக்கு என்ன கொடுக்கப்போகிறார்கள் என்ற விவரம் அதில் இருந்தாக வேண்டும் என்பது நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. 2003ஆம் ஆண்டின் 56ஆம் எண் சட்டம் அது.

அந்தச் சட்டத்தின் 67ஆம் பிரிவையும் கமிட்டிச் செயலாளர் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. பணம் வெளியே போக இரண்டு வாசல்கள் உண்டு. வணிகப் பரிமாற்றம் இல்லாமல் கொடுப்பது மானியம், அது 67ஆம் பிரிவு. மாநகராட்சியின் லோகோவை மேடையில் வைக்கிறோம், விளம்பரப் பலகையில் போடுகிறோம், பதிலுக்குப் பணம் தாருங்கள் என்றால் அது ஸ்பான்சர் ஒப்பந்தம். இதன் விதிகளும் கையெழுத்துப் போடும் ஆட்களும் வேறு. ஒரே கடிதத்தில் ‘மானியமாக வழங்கவும், தங்கள் லோகோவைப் பெரிதாக வைப்போம்’ என்று இரண்டையும் கலந்து எழுதினால் கோப்பு மேசைக்கு மேசை அலையும். எந்த வாசல் என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். மானியம் என்றால், செலவுக் கணக்கை மாதந்தோறும் கொடுக்கவும், தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கைத் தரவும் கமிட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கான திறன் கமிட்டிக்கு இருக்கிறது என்று நகராட்சி மேலாளர் திருப்திப்பட வேண்டும். ஏழைகளுக்குத் தொண்டு செய்யும் அமைப்புகளுக்குச் சிறு தொகையில் ஒரு தளர்வு உண்டு. அன்னதானத்தை ஆண்டு முழுவதும் நடத்தும் ஆலயங்கள் அந்த வழியைத் தனியாகக் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அது சுற்றுலாப் பணம் இல்லை.

ஸ்பான்சர் வாசலில் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி ஒளிந்திருக்கிறது. ஆலயம் வாட் பதிவு பெற்றிருந்தால், விளம்பரத்துக்குப் பதிலாக வரும் 2,00,000 ரேண்டில் வாட் அடங்கியதாகவே கணக்கு. 15 சதவீத விகிதத்தில் 26,087 ரேண்ட் வரித்துறைக்கு, கையில் நிற்பது 1,73,913. ஒப்பந்தத்தில் வாட் நீங்கலாக என்று எழுதாத கமிட்டி அந்த இருபத்தாறாயிரத்தைப் பந்தல் போடும் மார்க்கீக்காரருக்குக் கொடுக்க உண்டியலைத் திறக்க வேண்டியிருக்கும். தனியார் கம்பெனிகளிடம் கேட்கும்போதும் இதே வேறுபாடு உதவும். சமயப் பணிக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு, வரிக்கழிவு கேட்க உதவும் 18ஏ ரசீது கொடுக்க முடியாது. வருமான வரிச் சட்டம் சமயத்தைப் பொதுநலப் பணியாக ஏற்கிறது, ஆனால் நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் பட்டியலில் அது இல்லை. அதே கம்பெனி விளம்பரத்துக்காக ஸ்பான்சர் செய்தால் தன் விளம்பரச் செலவாகக் காட்டிக்கொள்ளலாம். இதைச் சொன்னால் ‘யோசிக்கிறோம்’ என்றவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள்.

காகிதங்களில் கடினமானது எதுவும் இல்லை. இலாப நோக்கற்ற அமைப்பு என்ற பதிவுச் சான்றிதழ், அமைப்பு விதிகள், வரி பாக்கி இல்லை என்று காட்டும் வரித்துறையின் டாக்ஸ் கிளியரன்ஸ் பின், அரசோடு வியாபாரம் செய்பவர்களின் பட்டியலான மத்திய சப்ளையர் டேட்டாபேஸில் பதிவு எண், வங்கிக் கடிதம், பொறுப்பாளர்களின் நலன் முரண் அறிக்கை. கோப்பு நின்றுபோவது பெயரில். ஆலயத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் நாம் எழுதும் விதம் ஒன்றா இரண்டா! பழைய அமைப்பு விதியில் மாரியம்மன் கடைசியில் ‘மென்’ என்று முடிவார், வங்கியில் ‘மன்’ என்று முடிவார், பதிவுச் சான்றிதழில் ஒரு ‘எம்’ குறையும். ஒன்றில் ‘ஸ்ரீ’ இருக்கும், மற்றதில் இருக்காது. மனிதக் கண்ணுக்கு ஒரே கோயில். வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் கணினிக்கு மூன்று வேறு அமைப்புகள். பெயரை ஒன்றாக்க வங்கியில் தீர்மான நகலும் புதிய கையெழுத்துகளும் கேட்பார்கள், வாரக்கணக்கில் இழுக்கும். விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே இதை முடித்துவிடுங்கள். இலாப நோக்கற்ற அமைப்பின் ஆண்டறிக்கையை நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் சமூக மேம்பாட்டுத் துறைக்கு அனுப்ப வேண்டும். இரண்டு மூன்று வருடம் விட்டுப்போயிருந்தால் பதிவே ரத்தாகியிருக்கும் ஆபத்து உண்டு. பழைய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்திருப்பது போதாது.

இனி, விண்ணப்பத்தின் உயிர் எங்கே என்றால் ஆட்கணக்கில். சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வரும் பத்தாயிரம் பேர் சுற்றுலாக் கணக்கில் பூஜ்யம். அவர்கள் இந்த ஊர்க்காரர்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பும் குடும்பம் ஒருநாள் வருகையாளர். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் வந்து ஓர் இரவாவது தங்கும் குடும்பம்தான் சுற்றுலாப் பயணி. அவர்களை எண்ணிக் காட்ட வேண்டும்.

வாசலில் கிளிக்கர் வைத்துத் தலையை எண்ணுங்கள். செருப்பு விட்ட இடத்துக்குப் போய்த் திரும்புபவரை மறுபடி எண்ணாமல் இருக்க, உள்ளே வரும் வழியையும் வெளியே போகும் வழியையும் பிரித்துவிட வேண்டும். அடுத்து, பத்துப் பதினைந்து பேருக்கு ஒருவரை நிறுத்தி ஆறே கேள்விகள்: வீட்டின் அஞ்சல் குறியீடு, எத்தனை இரவு தங்கல், தங்குவது உறவினர் வீட்டிலா வாடகை அறையிலா, நேற்றும் இன்றும் ஆன செலவு எவ்வளவு, அது எத்தனை பேருக்கு, இந்த விழா இல்லாவிட்டாலும் டர்பன் வந்திருப்பீர்களா. 4092 என்றால் சாட்ஸ்வொர்த், 4068 என்றால் ஃபீனிக்ஸ், ஊர்ப் பெயர் கேட்டு நேரம் போக்க வேண்டாம். ‘அது எத்தனை பேருக்கு’ என்பதை விட்டால் கணக்கே கெடும். அப்பா சொல்லும் மூவாயிரம் ரேண்ட் ஆறு பேரின் செலவாக இருக்கும், அதைத் தலைக்கு மூவாயிரம் என்று பெருக்கினால் படிப்பவர் முதல் பக்கத்திலேயே நம்பிக்கை இழப்பார்.

400 பேரைக் கேட்டால் போதும். ஓர் உதாரணம்: 6,000 பேர் வந்தார்கள், கேட்ட 400 பேரில் 40 பேர் வெளியூரிலிருந்து வந்து தங்குபவர்கள். 10 சதவீதம், ஆக 600 பேர். இந்த அளவு மாதிரியில் மூன்று சதவீதம் முன்பின் ஆகும் என்பதால் 420 முதல் 780 வரை என்று நேர்மையாக எழுதுங்கள். அந்த 40இல் 30 பேர் விழாவுக்காகவே வந்தவர்கள் என்றால் 450 பேர். 30இல் 10 பேர் வாடகை அறையில் என்றால் 150 பேர், இரண்டு இரவுக்கு 300 படுக்கை இரவுகள். இந்த முந்நூறுதான் மாநகராட்சிக்கு நீங்கள் காட்டும் சரக்கு. சின்ன எண்ணாகத் தோன்றும், ஆனால் ‘ஐம்பதாயிரம் பக்தர்கள்’ என்ற ஆதாரமில்லாத எண்ணைவிட மேசையில் கனமாக உட்காரும். நம்மவர்கள் அக்கா வீட்டிலும் மாமா வீட்டிலும்தான் தங்குவார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை, அவர்களின் சாப்பாடு, பெட்ரோல், கடைச் செலவைத் தனி வரியில் காட்டுங்கள். அன்னதான வரிசையில் மட்டும் நின்று கேட்காதீர்கள், அங்கே உள்ளூர்க்காரர்தான் அதிகம். வண்டி நிறுத்துமிடத்திலும் கேளுங்கள். பெயர், தொலைபேசி எண் வாங்க வேண்டாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் சமய நம்பிக்கை சிறப்புப் பாதுகாப்புள்ள தகவல்.

ரொக்கமா, சேவையா என்றால் முதல் வருடம் சேவையைக் கேட்பதே புத்திசாலித்தனம். சாலை மூடல், மெட்ரோ போலீஸ், தண்ணீர் வண்டி, குப்பை அகற்றல், நகரின் சுற்றுலா நாட்காட்டியில் ஓர் இடம். குறைந்தது 2,000 பேர் கொள்ளும் இடத்திலோ ஊர்வல வழியிலோ நடக்கும் நிகழ்ச்சிக்கு 2010ஆம் ஆண்டின் நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தக்கூடும் என்பதால், போலீஸ் ஆபத்து வகைப்படுத்தலும் பாதுகாப்புத் திட்டமும் எப்படியும் தேவைப்படலாம். அந்த மேசையில் மாநகராட்சி உங்கள் பக்கம் உட்கார்ந்திருப்பது பணத்துக்குச் சமம். தீமிதிக்குக் குழியைச் சுற்றி எத்தனை அடி விட்டுத் தடுப்பு, ஆம்புலன்ஸ் எந்த வழியாக வெளியேறும் என்று வரைபடத்தில் காட்டாத விழாவுக்கு லோகோ கொடுக்க எந்த அதிகாரியும் தயங்குவார்.

ரொக்கம் வந்தால் அதை எங்கே செலவழிப்பது? டர்பன் வாரப் பத்திரிகையில் முழுப் பக்கம் போடுவது கமிட்டிக்குப் பெருமை, ஆனால் அதைப் படிப்பவர் எப்படியும் வரப்போகிறவர். மின்கம்பப் போஸ்டரும் அப்படித்தான், அதற்கு அனுமதி வேறு வாங்க வேண்டும். லோட்டஸ் எஃப்எம் வானொலி டர்பனைத் தாண்டி ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா தமிழர்களிடமும் போய்ச் சேர்கிறது, அதற்குக் கொடுக்கும் காசுக்கு நியாயம் உண்டு. அதோடு அந்த இரண்டு நகரங்களும் இருக்கும் கவ்டெங் மாகாணத்தில் மட்டும் காட்டும்படி அமைத்த ஃபேஸ்புக் விளம்பரத்தை எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். பெரிய வெள்ளி விடுமுறைக்குக் கடற்கரை அறைகள் முன்கூட்டியே போய்விடும், இரண்டு வாரம் முன்பு பார்த்த விளம்பரம் யாரையும் கிளப்பாது. படம் தேர்வதில் கமிட்டியே கடைசி வார்த்தை சொல்ல வேண்டும். வேல் குத்திய கன்னத்தை நெருக்கமாகப் போட்டால் கேமராக் கூட்டம் வரும், விரதமிருந்து வருபவர் நடக்க வழி இருக்காது. ரதம், கோலம், கோபுரம் போதும். பக்தர் முகம் தெரியும் படத்துக்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

விழா முடிந்த வாரமே ரசீதுகளைச் செலவுத் தலைப்பு வாரியாகப் பிரித்துவிடுங்கள். பூஜைப் பொருள், அர்ச்சகர் தட்சிணை, பிரசாதம் எதுவும் மாநகராட்சிப் பணத்தின் தலைப்பில் வரக்கூடாது, அதற்கு உபயக் கணக்கு இருக்கிறது. பந்தல், ஒலிபெருக்கி, விளம்பரம், தடுப்பு, கழிப்பறை வாடகை மட்டும் இங்கே. இன்வாய்ஸ் சரியாகப் போய்ச் சேர்ந்த 30 நாளுக்குள் நகராட்சி பணம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், ஆனால் ஒப்பந்த எண் விட்டுப்போன இன்வாய்ஸ் திரும்பி வந்தால் அந்த 30 நாள் புதிதாகத் தொடங்கும். மார்க்கீக்காரரும் ஒலிபெருக்கிக்காரரும் முன்பணம் கேட்பார்கள், அதற்கு இரண்டு மாதக் கையிருப்பு இல்லாத கமிட்டி ரொக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். முந்தைய மானியத்துக்கு ஒழுங்காகக் கணக்குக் கொடுத்தார்களா என்பது அடுத்த மானியத்துக்கான சட்ட நிபந்தனை. பொருளாளர் மாறும் வருடத்தில், ரசீதுக் கோப்பு பழையவர் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடாமல் ஆலய அலுவலகத்துக்கு வந்து சேர்ந்ததா என்று பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.