சுகர் இருக்கிறவங்களுக்கு ஸ்டென்ட்டா, பைபாஸா?
இதயத்தோட மூணு ரத்தக்குழாயிலயும் அடைப்பு, கூடவே சுகர்னா வீட்ல பெரிய பஞ்சாயத்தே நடக்கும். ஸ்டென்ட்னா மணிக்கட்டு வழியா வயர விட்டு, பலூன ஊதி, குட்டி வலைக்குழாய வச்சிடுவாங்க, ரெண்டு மூணு நாள்ல வீடு. பைபாஸ்னா வேற ரத்தக்குழாய ஒட்டி ரத்தத்துக்குப் புது வழி போடுற ஆபரேஷன், அதுக்கு நெஞ்செலும்பையே பிளக்கணும், அந்த எலும்பு திரும்ப ஒட்டவே ரெண்டு மூணு மாசம் ஆகும், யாருக்கு மனசு வரும் சொல்லுங்க.

ஆனா 2012-ல வந்த ஃப்ரீடம் ஆய்வுல இதே மாதிரி சுகரும் பல அடைப்பும் இருந்த 1900 பேர ரெண்டா பிரிச்சுப் பாத்தாங்க, அஞ்சு வருஷத்துல ஸ்டென்ட் பக்கம் இறந்தது 16.3%, பைபாஸ் பக்கம் 10.9%. ஹார்ட் அட்டாக்கும் பைபாஸ்லதான் கம்மி. ஸ்ட்ரோக் மட்டும் தலைகீழ், பைபாஸ்ல 5.2%, ஸ்டென்ட்ல 2.4%, இதையும் டாக்டர்கிட்ட கேட்டுக்கணும்.

காரணம் சிம்பிள்தான். ஸ்டென்ட் அந்த ஒரு இடத்தத்தான் திறக்கும், சுகர்ல குழாய் நெடுகவே கொழுப்பு படியும். பைபாஸ் அந்தப் பகுதியையே தாண்டிப் போயிடும், அதுவும் நெஞ்சுக்குள்ள இருக்கிற தமனிய எடுத்து ஒட்டினா கால்ல இருந்து எடுக்கிற ரத்தக்குழாய விட ரொம்ப வருஷம் தாங்கும்.

ஒரே ஒரு அடைப்புன்னா, இல்ல அட்டாக் வந்து துடிச்சுக்கிட்டு இருக்கிற நேரம்னா, பேச்சே இல்ல, பெரும்பாலும் ஸ்டென்ட்தான்.