தலையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இந்த சலூனில் தைரியமாக உட்காரலாம்

ஆறு வருடம் முன்பு எனக்கு மூளையில் கட்டி எடுத்தார்கள். இடது காதுக்கு மேலே வளைவாக ஒரு தழும்பு, அதற்கு அடியில் வெட்டிய எலும்பைத் திரும்பப் பொருத்திய டைட்டானியம் தகடுகள், குட்டிக் குட்டி ஸ்க்ரூக்கள். ஒரு இடத்தில் விரலை வைத்தாலே தகட்டின் விளிம்பு தட்டுப்படும், தோல் அவ்வளவு மெலிசு.

போன வருடம் வேறொரு கடையில் கிருதா ஒதுக்கும்போது கத்தி சரியாக அந்த மேட்டில் பட்டுவிட்டது. சின்னக் கீறல்தான், ஆனால் தலைத்தோல் ஆச்சே, ரத்தம் நிற்கவே இல்லை. எல்லோருக்கும் தேய்க்கிற அதே படிகாரக் கல்லை எடுத்துத் தேய்த்தார், வீட்டுக்கு வந்தால் அம்மா மஞ்சள் வைத்தார். நாலாம் நாள் சுற்றிலும் சிவந்து, தொட்டால் சூடு, ஓரத்தில் சீழ். ஆபரேஷன் செய்த டாக்டரிடமே ஓடினேன், நல்லவேளை மருந்தோடு போனது. பெரும்பாலான கீறல் தானாக ஆறிவிடும், நேரே மூளைக்குப் போய்விடாது என்றார். ஆனால் கிருமி கீழே இறங்கித் தகட்டில் படலமாக ஒட்டிக்கொண்டால் மருந்து அங்கே சரியாக வேலை செய்யாதாம், அப்புறம் மறுபடி திறந்து தகட்டையும் சில சமயம் எலும்பையுமே எடுக்க வேண்டி வருமாம், இத்தனை வருடம் ஆகிவிட்டதே என்று அலட்சியமாக இருக்க முடியாதாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்து காட்டு, வேறெதையும் பூசாதே என்றார். காய்ச்சல், விடாத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, காயத்திலிருந்து தண்ணீர் மாதிரிக் கசிவு, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அதற்குப் பிறகுதான் இந்தக் கடைக்கு வந்தேன். தண்ணீர் தெளித்து, சீப்பால் முடியை விலக்கிய தம்பி அப்படியே நிறுத்தி "இங்க என்னாச்சுண்ணே?" என்று கேட்டார். சொன்னதும் கத்தியை மேசையில் வைத்துவிட்டார். மெஷினை ஸ்பிரிட்டால் துடைத்து, சீப்பு மாட்டி, தழும்புப் பக்கம் மட்டும் விரலால் முடியைத் தூக்கிப் பிடித்துக் கத்தரியால் வெட்டினார். தாடிக்குப் புது பிளேடைக் காகிதத்தோடு என் கண்ணெதிரே ஒடித்தார். படிகாரக் கல்லே இந்தக் கடையில் இல்லை. எட்டு மாதமாகப் போகிறேன், ஒரு கீறல் கிடையாது.

குறை என்றால் துண்டு. எல்லோருக்கும் ஒன்றையே போர்த்துகிறார்கள், அதனால் நானே ஒன்று கொண்டுபோகிறேன், முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். ஐந்துக்கு நாலரை தருவேன். செவ்வாய் விடுமுறை, ஞாயிறு கூட்டம். புதன் காலையில் போனால் அவசரமில்லாமல் வெட்டுவார்.