டோக்கியோவில் மிஞ்சிய அரகாவா டிராம்: ஏறிப் பார்க்கலாமா?

டோக்கியோ பெருநகர அரசு நடத்திய டிராம்களில் இன்றும் ஓடுவது அரகாவா தடம் ஒன்றுதான். மினோவாபாஷியிலிருந்து வசேதா வரை 12.2 கிலோமீட்டர், 30 நிறுத்தங்கள். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ரொக்கக் கட்டணம் 170 யென். 2017-இல் 'டோக்கியோ சகுரா டிராம்' என்று புதுப்பெயர் சூட்டினார்கள். ஆனால் இது சுற்றுலா வண்டி அன்று, கடைக்கும் மருத்துவமனைக்கும் போகும் அக்கம்பக்கத்து முதியவர்களின் வண்டி.

ஒரு தனியார் நிறுவனம் 1911-இல் ஓட்சுகாவுக்கும் அசுகயாமாவுக்கும் இடையே தொடங்கிய பாதை, 1942-இல் நகராட்சியின் கைக்கு வந்தது. அக்காலத்தில் நகரெங்கும் டிராம் ஓடியது. கார்கள் பெருகி, 1959-இல் தண்டவாளத்தின் மீதும் அவற்றை ஓட்ட அனுமதித்த பிறகு டிராம்கள் நெரிசலில் சிக்கித் திணறின. நஷ்டம் ஏறிக்கொண்டே போக, 1967 முதல் 1972 வரை ஒவ்வொரு தடமாக மூடினார்கள். 27, 32 ஆகிய தடங்களின் பகுதிகள் மட்டும் தப்பின. அவை பெரும்பாலும் சாலையைத் தொடாமல் தனிப்பாதையில் ஓடியதும், அவற்றுக்கு மாற்றாகப் பேருந்து விடுவது எளிதாக இல்லாததுமே காரணம். 1974-இல் இரண்டையும் இணைத்து அரகாவா தடம் என்றார்கள்.

பயணத்தின் சுவையும் அந்தத் தனிப்பாதையால்தான். இரட்டை மணி ஒலித்துக் கிளம்பும் வண்டி, வீடுகளின் கொல்லைப்புறத்தை ஒட்டி, துணி காயும் மாடிகளையும் மே மாதத்தில் பூத்துக் குலுங்கும் ரோஜாச் செடிகளையும் கடந்து செல்கிறது. ஓஜிக்கும் அசுகயாமாவுக்கும் இடையில் மட்டும் சாலையில் இறங்கி, லாரிகளோடு சிக்னலுக்குக் காத்து நின்று, வளைந்து மேடேறுகிறது. முழுத் தடத்திலும் எனக்குப் பிடித்த இடம் இதுவே. ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகன் யோஷிமுனே 18-ஆம் நூற்றாண்டில் செர்ரி மரங்கள் நடுவித்த அசுகயாமா பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது.

நடைமேடையும் வண்டியின் தளமும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பதால் முதியவர்கள் சிரமமின்றி ஏறுகிறார்கள். முன்கதவில் ஏறியதும் கட்டணம் செலுத்திவிட்டுப் பின்கதவில் இறங்க வேண்டும். ஒற்றைப் பெட்டி என்பதால் நெரிசல் நேரத்தில் நிற்கவும் இடமிருக்காது. பெரிய பயணப்பெட்டியோடு வருபவர்கள் தவிர்ப்பதே நல்லது. முழுத் தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகலாம் என்பதால் அவசரக்காரர்களுக்கும் ஏற்றதன்று. மூன்று முறை ஏறி இறங்குவதாக இருந்தால் 400 யென் ஒருநாள் சீட்டு லாபம். வார இறுதியில் போகிறவர்கள் அரகாவா ஷாகோமாயே பணிமனையை ஒட்டிய திடலில் நிறுத்தியிருக்கும் பழைய வண்டிகளுக்குள்ளும் ஏறிப் பார்க்கலாம்.