பென்டியம் கோல்டு ஜி5400-ஆ, அத்லான் 3000ஜி-யா? பழைய மலிவு பிராசசர்களில் எது தேறும்?

செகண்ட் ஹேண்ட் கடைகளில் குறைந்த விலை கம்ப்யூட்டர் தேடுபவர் கையில் அடிக்கடி வந்து சேரும் பிராசசர்கள் இரண்டு. ஒன்று 2018 ஏப்ரலில் வந்த இன்டெல் பென்டியம் கோல்டு ஜி5400. மற்றொன்று 2019 நவம்பரில் வந்த ஏஎம்டி அத்லான் 3000ஜி. வெளிவந்தபோது முதலாவதன் பட்டியல் விலை 64 டாலர், இரண்டாவது 49 டாலர்.

இந்த இரண்டையும் எடுத்துக்கொள்ள முக்கியக் காரணம் விண்டோஸ் 11. மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பிராசசர் பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன. ரைசன் 3 2200ஜி இவற்றைவிட வேகமானது, ஆனால் அந்தப் பட்டியலில் இல்லை. பென்டியம் ஜி4560-ம் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பழைய பிராசசர் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வாங்கிய பிறகு பயாஸில் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) இன்டெல் மதர்போர்டு என்றால் பிடிடி, ஏஎம்டி போர்டு என்றால் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு அமைப்பை ஆன் செய்ய வேண்டும். அது ஆஃபில் இருந்தால் 'இந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஓடாது' என்ற செய்திதான் வரும். பலரும் அதைப் பார்த்து பிராசசர் சரியில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

வெறும் கணக்குப் போடும் வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் 2 கோர் (கணக்குப் போடும் பகுதி), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), 4 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்). பென்டியம் 3.7 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, அத்லான் 3.5-இல். தேவைப்படும்போது வேகத்தைத் தானாகக் கூட்டும் டர்போ இரண்டிலும் இல்லை. ஒரு கோரை மட்டும் நம்பும் வேலைகளில், உதாரணமாக எக்செல், டாலி, பிரவுசரில் பக்கம் திறப்பது போன்றவற்றில், பென்டியம் சற்று முந்தும். ஆனால் அருகருகே வைத்துப் பார்த்தாலும் கைக்குத் தெரிகிற அளவு வித்தியாசம் இல்லை. ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு சாட்டா எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் மாற்றம் இதைவிடப் பல மடங்கு பெரிது.

பென்டியத்தின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிட உதவும் ஏவிஎக்ஸ் கட்டளைகளை இன்டெல் இந்த வரிசையில் நிறுத்தி வைத்துவிட்டது. பைத்தான் படிக்கும் மாணவர் டென்சர்ஃப்ளோ என்ற இயந்திரக் கற்றல் மென்பொருளின் ஆயத்தத் தொகுப்பை நிறுவி இம்போர்ட் செய்தால், நிரல் அந்த வரியிலேயே நின்றுவிடும். மாங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருளின் 5.0-க்கும் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கும் ஏவிஎக்ஸ் கட்டாயம். புதிய கேம்கள் சிலவும் திறக்காது. அத்லானில் ஏவிஎக்ஸ்2 வரை இருக்கிறது. வேகம் குறைவுதான், ஆனால் ஓடும். நிரலாக்கம் படிக்கிற பிள்ளைக்கு வாங்குவதாக இருந்தால் என் பரிந்துரை அத்லான்தான், இந்த ஒரு காரணத்துக்காகவே.

கிராஃபிக்ஸில் இடைவெளி பெரிது. அத்லானின் உள்ளமைந்த கிராஃபிக்ஸான வேகா 3-இல் 192 ஷேடர்கள் (படக் கணக்குப் போடும் சிறு பகுதிகள்), 1,100 மெகாஹெர்ட்ஸ். பென்டியத்தின் யுஹெச்டி 610-இல் 12 எக்ஸிக்யூஷன் யூனிட்கள், அதிகபட்சம் 1,050 மெகாஹெர்ட்ஸ். காகிதக் கணக்கில் வேகா இரட்டிப்பு திறன் கொண்டது. 720பி-யில் அமைப்புகளைக் குறைத்து வைத்தால் பழைய கேம்களை விளையாட முடியும். யுஹெச்டி 610 திரையில் படம் காட்டுவதற்கு மட்டும்தான்.

ஆனால் அந்த வேகா உயிரோடு இருப்பது ரேமின் கையில். அதற்கெனத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-2666 ரேம் ஒரே குச்சியாக இருந்தால் நொடிக்கு 21.3 ஜிபி அகலம். இரண்டு குச்சியாக இருந்தால் 42.6 ஜிபி. ஆகவே 8 ஜிபி ஒற்றைக் குச்சியோடு அத்லானை விற்கும் கடைக்காரரிடம் 4 ஜிபி இரண்டாக மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது இன்னொரு 8 ஜிபி சேர்த்துப் போடுங்கள். பென்டியத்தில் 2666 ரேம் போட்டாலும் 2400-இல்தான் ஓடும். அதற்காக வேகமான ரேம் தேடிப் பணம் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. அத்லான் கம்ப்யூட்டரில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பகுதியில் 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்ற எண்ணைப் பாருங்கள். 2 ஜிபிக்கு மேல் காட்டினால், பயாஸ் அவ்வளவையும் கிராஃபிக்ஸுக்கு எடுத்து வைத்திருக்கிறது என்று பொருள். 8 ஜிபி வாங்கியவருக்கு மிஞ்சுவது 6 ஜிபிக்குள். அலுவலக வேலைக்கு பயாஸில் யுஎம்ஏ ஃப்ரேம் பஃபர் (கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கும் ரேம்) அளவை 512 எம்பிக்குக் குறைத்தால் போதும்.

யூடியூப் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே நோய். யூடியூப் வீடியோவைச் சுருக்கி அனுப்பும் முறைகளான கோடெக்குகளில், விபி9 வீடியோவை இரண்டுமே வன்பொருளில் பிரிக்கும், ஏவி1-ஐ இரண்டும் பிரிக்காது. வீடியோ மேல் வலது க்ளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்தால் கோடெக் வரி தெரியும். அது ஏவி01 என்று தொடங்கினால் மொத்தச் சுமையும் இரண்டு கோர்கள் தலையில் விழுகிறது. 1080பி-யிலேயே ஃபேன் இரையும். யூடியூப் கணக்கின் பிளேபேக் அமைப்பில் ஏவி1-ஐ எஸ்டி தரத்துக்கு மட்டும் என்று மாற்றினால் அடங்கிவிடும். 4கே டிவியில் இணைப்பவர் கவனிக்க: பென்டியம் போர்டுகளின் ஹெச்டிஎம்ஐ வழக்கமாக 1.4 என்பதால் 4கே-யில் 30 ஹெர்ட்ஸ்தான் வரும்.

போர்டு வாங்கும்போதுதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஜி5400 உட்காரும் சாக்கெட் எல்ஜிஏ1151. அதே பெயரில் ஹெச்110, பி250 போர்டுகளும் மலிவாகக் கிடைக்கும், பிராசசர் அவற்றிலும் கச்சிதமாக உட்காரும். ஆனால் ஆன் ஆகாது. ஹெச்310, பி360, பி365 போன்ற 300 வரிசை போர்டுகள்தான் வேண்டும். அத்லானுக்கு ஏஎம்4 போர்டு, ஏ320 அல்லது பி450. பி450 என்றால் ஓவர்கிளாக்கும் (வேகத்தை நாமே கூட்டுவது) செய்யலாம், 3000ஜி வேகம் பூட்டப்படாத பிராசசர். ஏ320-இல் அது முடியாது.

பிற்பாடு பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஏஎம்4-தான் நீண்ட வழி. பயாஸைப் புதுப்பித்தால் ரைசன் 5 5600 வரையும் அதற்கு மேலும் போகலாம். இன்டெல் பக்கம் ஐ5-8400, ஐ5-9400எஃப், ஐ7-8700 என்று 9-ஆம் தலைமுறையோடு முடிகிறது. 9400எஃப்-இலும் 5600-இலும் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லை, தனி கார்டு இல்லாமல் திரை கருப்பாகவே இருக்கும். புதிய பயாஸ் சில போர்டுகளில் பழைய பிராசசர்களுக்கான ஆதரவை எடுத்துவிடும் என்பதால், மாற்றுப் பிராசசர் கைக்கு வந்த பிறகே அப்டேட் செய்யுங்கள்.

ஏற்கெனவே நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவருக்கு பென்டியம் சரி. அது 16 பிசிஐஇ லேன்களையும் (பிராசசருக்கும் கார்டுக்கும் இடையே தரவு ஓடும் பாதைகள்) கார்டுக்குக் கொடுக்கிறது, அத்லான் கொடுக்காது. ஹெச்310 போர்டு, ரேம், எஸ்எஸ்டி எல்லாம் சேர்ந்து முழு அலுவலகக் கம்ப்யூட்டராக மலிவில் வந்தாலும் தயங்காமல் எடுக்கலாம். உதிரியாக வாங்கிக் கட்டுவதானால் அத்லான்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது: இன்டெலில் ஊசிகள் போர்டில் இருக்கின்றன. மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், வளைந்த ஊசி மட்டும் வரிசை தப்பி மின்னும். அத்லானில் ஊசிகள் பிராசசரின் அடியில். பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) இடையே பூசிய பழைய பேஸ்ட் காய்ந்து இறுகியிருக்கும்போது ஹீட்சிங்கை நேராக மேலே இழுத்தால், பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, பவரை நிறுத்தி, வயரைக் கழற்றி, ஹீட்சிங்கை இடமும் வலமுமாகத் திருகி, அது தளர்ந்த பிறகு தூக்குங்கள்.